வெளுத்த சாயம்

அமெரிக்காவில் அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்டவர்களின் வரலாறு உலகெங்கும் போற்றிச் சொல்லப்படுகிறது. அந்த வரலாற்றின் நாயகர்களை அவர்களுடைய வரவேற்பறைக்கே சென்று பார்த்து, அவர்கள் பேசியதையும் செய்ததையும் அருகருகே வைத்து எள்ளி நகையாடிய ஒரு நாவல் 1872-ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் வெளிவந்தது. லிப்பின்காட் என்ற புகழ்பெற்ற பதிப்பகம் அதனை வெளியிட்டது. ஆனால், நூலின் முகப்பில் ஆசிரியர் பெயர் இல்லை. 'யார்தான் நினைத்திருப்பார்கள்?' என்று பொருள்படும் ஒரு கேள்வியே அதன் தலைப்பு. எழுதியவர் மரியா அம்பாரோ ரூயிஸ் டி பர்ட்டன். மெக்சிகோவில் பிறந்து, ஒரு போரின் விளைவாக அமெரிக்கக் குடிமகளாக மாறியவர். மெக்சிகோ வழிவந்த ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் நாவல் இதுவே என்று இலக்கிய வரலாற்றாளர்கள் பலர் கருதுகின்றனர்.

ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்தைய நாவலை இன்று பேச என்ன அவசியம் என்ற கேள்வி எழலாம். ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளில் வேர் கொண்ட ஹிஸ்பானியர்கள் 2020 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் 6.2 கோடி பேர். இவர்களை எந்தப் பிரிவில் வைப்பது என்பதில் அந்நாட்டு அரசுக்கே நெடுங்காலமாகத் தெளிவில்லை. 1930 கணக்கெடுப்பில் 'மெக்சிகர்' என்பது தனி இனம். 1940-இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டு அவர்கள் மீண்டும் வெள்ளையர் ஆயினர். பிற்காலத்தில் இனம் குறித்து ஒரு கேள்வி, ஹிஸ்பானியப் பூர்வீகம் குறித்து வேறொரு கேள்வி என்று படிவம் மாறியது. இரண்டையும் ஒரே கேள்வியாக்க 2024-இல் முடிவெடுத்திருக்கிறார்கள். இந்தக் குழப்பத்தின் தொடக்கம் 1848. அந்தக் குழப்பத்தையே ஒரு சிறுமியின் தோலாக்கிக் கதை சொன்னவர் ரூயிஸ் டி பர்ட்டன்.

அவர் 1832-இல் பாஜா கலிபோர்னியாவின் லொரேட்டோ ஊரில் பிறந்தார். பாட்டனார் ஹோசே மானுவல் ரூயிஸ் எல்லைப்படைத் தளபதியாகவும் அந்த மாநிலத்தின் ஆளுநராகவும் இருந்தவர். பெருமை மிக்க குடும்பம். கையில் பணம் அவ்வளவாக இல்லை. 1846-இல் அமெரிக்கா மெக்சிகோ மீது போர் தொடுத்தது. மறு ஆண்டு லா பாஸ் நகரைப் பிடித்த படைக்குத் தலைமை தாங்கி வந்த ஹென்றி பர்ட்டன் என்ற அதிகாரிக்கும் மரியாவுக்கும் காதல் மலர்ந்தது. 1848-இல் கையெழுத்தான குவாதலூப் ஹிடால்கோ உடன்படிக்கையின்படி மெக்சிகோ தன் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதியை இழந்தது. மேல் கலிபோர்னியா அமெரிக்காவுக்குப் போனது. பாஜா மெக்சிகோவிடமே நின்றது. அமெரிக்கப் படைக்கு ஆதரவு காட்டியவர்கள் இனி அங்கே வாழ முடியாது என்ற நிலையில் அவர்களைக் கப்பலேற்றி மான்ட்டெரே நகருக்குக் கொண்டுசென்றனர். அவர்களில் மரியாவும் ஒருவர். மறு ஆண்டு திருமணம். மணமகன் புராட்டஸ்டன்ட், மணமகள் கத்தோலிக்கர். இரு தரப்பிலும் முணுமுணுப்பு எழுந்தது.

கணவரின் பணி நிமித்தம் 1859-இல் கிழக்குக் கரைக்குச் சென்ற அவர், உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகள் முழுவதையும் அங்கேயே கழித்தார். நியூ இங்கிலாந்தின் பக்தி மிகுந்த நடுத்தரக் குடும்பங்களையும் வாஷிங்டனின் உயர்வட்டங்களையும் உள்ளிருந்தே கண்டார். தோற்றுப்போன தென் மாநிலக் கூட்டமைப்பின் தலைவர் ஜெபர்சன் டேவிஸ் மன்றோ கோட்டையில் சிறை வைக்கப்பட்டிருந்தபோது, அக்கோட்டையின் பொறுப்பு சிறிது காலம் பர்ட்டனிடம் இருந்தது. டேவிசின் மனைவியுடன் மரியாவுக்கு நட்பு ஏற்பட்டது. 1869-இல் கணவர் காலமானார். இரண்டு பிள்ளைகளும் வழக்குகளில் சிக்கிய நிலமுமாக மேற்குக் கரைக்குத் திரும்பிய கைம்பெண்தான் அந்த நாவலை அச்சுக்குக் கொடுத்தார்.

கதை 1857-இல் தொடங்குகிறது. டாக்டர் நார்வல் புவியியல் ஆய்வில் ஈடுபாடு கொண்டவர். தென்மேற்குப் பயணம் முடித்து நியூ இங்கிலாந்திலுள்ள தம் வீட்டுக்குத் திரும்பும்போது, கன்னங்கரேலென்ற பத்து வயதுச் சிறுமி ஒருத்தியை உடன் அழைத்து வருகிறார். பெயர் லோலா மெதினா. கூடவே கனத்த பெட்டிகள் சில. டாக்டர் வழக்கம்போல் கற்களைச் சேகரித்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று வீட்டார் நினைக்கின்றனர். மனைவி ஜெமைமா நார்வல் அடிமை முறையைக் கடுமையாக எதிர்ப்பவர். கருப்பின மக்களின் விடுதலைக்காக மேடையில் பேசுவோரைப் போற்றுபவர். அவருடைய கொள்கை வாசற்படியோடு நின்றுவிடுகிறது. கருத்த அச்சிறுமியைத் தொடவும் கூசுகிறார்; பணிப்பெண்களோடு படுத்துக்கொள்ளட்டும் என்று அனுப்புகிறார். இவளை வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா, அதற்காவது ஆவாளா என்பதே அவர் கவலை.

பெட்டிகளுக்குள் இருப்பது தங்கமும் விலையுயர்ந்த கற்களும் என்று கணவர் சொன்னதும் நிலைமை மாறுகிறது. லோலாவின் தாய் டோன்யா தெரேசா, மெக்சிகோவின் சொனோராவிலிருந்து பூர்வகுடியினரால் கடத்தப்பட்டவர். சிறையிருப்பிலேயே மகளைப் பெற்று, தாம் கண்டெடுத்த செல்வம் அனைத்தையும் மகளின் பெயரால் டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டு இறந்துபோகிறார். குழந்தையைக் கத்தோலிக்கராகவே வளர்க்க வேண்டும் என்பது அவருடைய இறுதி வேண்டுகோள். தப்பிச் சென்றாலும் யாரும் அடையாளம் காணக்கூடாது என்பதற்காகத் தாய்க்கும் மகளுக்கும் கடத்தியவர்கள் கருஞ்சாயம் பூசியிருந்தனர். அச்சாயம் மெல்ல மெல்ல வெளுக்கிறது. முதலில் கருப்பினத்தவள், பிறகு செவ்விந்தியப் பெண், பிறகு திட்டுத் திட்டாகத் தோல் கொண்ட ஏதோ விசித்திரப் பிறவி என்று பார்ப்பவர்கள் ஊகத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டே வந்த லோலா, கடைசியில் பேரழகியான 'தூய' ஸ்பானியப் பெண்ணாக வெளிப்படுகிறாள். சாயம் வெளுத்தது என்று தமிழில் நாம் எதைச் சொல்கிறோமோ, அது நாவலில் இரண்டு இடங்களில் நடக்கிறது. லோலாவின் சாயம் வெளுக்க வெளுக்க, அவளைச் சுற்றியிருப்பவர்களின் சாயமும் வெளுக்கிறது.

லோலாவின் பணத்தில் நார்வல் குடும்பம் நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூ மாளிகைக்குக் குடியேறுகிறது. தென்பகுதிக்குப் பரிவு காட்டுபவர் என்ற பழிச்சொல்லுக்கு ஆளாகி டாக்டர் வெளிநாடு செல்ல நேர்கிறது. இறந்துவிட்டார் என்று செய்தி பரவுகிறது. பிரசங்க மேடையில் ஒழுக்கத்தை முழங்கும் ஹாக்வெல் என்ற போதகர் திருமதி நார்வலை வசப்படுத்தி இரகசியமாக மணந்துகொள்கிறார். அதன்பிறகு அவருடைய கண் லோலா மீதும் அவளுடைய செல்வத்தின் மீதும் விழுகிறது. பெயர்களிலேயே ஆசிரியர் குறும்பு செய்திருக்கிறார். ஹாக்வெல் என்றால் நன்றாக வெட்டுபவர். அவருடைய சக போதகரான ஹாம்மர்ஹார்ட், ஓங்கிச் சுத்தியலடிப்பவர். போரைப் பயன்படுத்திப் பதவிக்கு வரும் குடும்பத்துக்குக் காக்கிள், அதாவது கோழியின் கொக்கரிப்பு, என்று பெயர்.

இந்நாவலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி லோலாவைப் பற்றியதன்று, லவினியாவைப் பற்றியது. திருமதி நார்வலின் தங்கையான லவினியா திருமணமாகாதவர்; போர் தொடங்கியதும் காயமுற்ற வீரர்களுக்குச் செவிலியராகப் பணியாற்றச் செல்கிறார். அவருடைய சகோதரர் ஐசக், ரிச்மண்ட் நகரின் லிப்பி சிறையில் எதிரிகளின் கைதியாகக் கிடக்கிறார். கைதிப் பரிமாற்றத்தில் அவரை மீட்க லவினியா அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறார். நாட்டுக்காகப் பெண்கள் செய்யும் தியாகத்தைப் பற்றி உரையாற்றும் அதே பெரிய மனிதர்கள் அவரை நாற்காலியில் உட்காரவும் சொல்வதில்லை. அரசு அலுவலக வாசலில் மனுவோடு காத்திருந்த எவருக்கும் அந்தப் பக்கங்கள் புரியும். நிலத்துக்காகவும் ஓய்வூதியத்துக்காகவும் பிற்காலத்தில் ஆண்டுக்கணக்கில் மனு எழுதிக்கொண்டிருந்தவரின் எழுத்து அது.

இவ்வளவையும் பாராட்டிவிட்டு, நாவல் எங்கே தடுமாறுகிறது என்பதையும் சொல்லாமல் இருப்பது நேர்மையாகாது. நியூ இங்கிலாந்துக்காரர்களை ஆசிரியர் மொத்தமாக ஒரே தட்டில் நிறுத்துகிறார். அவருடைய தாய்நாட்டின் மீது தொடுக்கப்பட்ட போரை மிக உரக்க எதிர்த்த குரல்கள் அந்த நிலப்பகுதியிலிருந்துதான் வந்தன. முன்னாள் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் நாடாளுமன்றத்தில் எதிர்த்தார். அடிமை ஒழிப்பு இதழாசிரியர் வில்லியம் லாயிட் கேரிசன் எதிர்த்தார். அடிமை முறையையும் அந்தப் போரையும் நடத்தும் அரசுக்கு வரி கட்ட மாட்டேன் என்று ஒரு நாள் இரவு சிறையில் இருந்தவர் ஹென்றி டேவிட் தோரோ. அவருடைய ஒத்துழையாமைக் கட்டுரையைக் காந்தியடிகள் படித்துப் போற்றியது நாம் அறிந்ததே. திருமதி நார்வல் போன்றவர்கள் இருந்தார்கள் என்பது உண்மை. அவர்கள் மட்டுமே இருந்தார்கள் என்பது உண்மையன்று. கைதிப் பரிமாற்றம் 1863-இல் முறிந்ததற்கு, வடதரப்பின் கருப்பின வீரர்களைப் போர்க்கைதிகளாக ஏற்கத் தென்தரப்பு மறுத்ததும் முக்கியக் காரணம். நாவலின் கவனம் அந்தப் பக்கம் செல்வதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் சாயத்திலேயே இருக்கிறது. கருப்பாகத் தெரிந்த குழந்தையைக் கொடுமைப்படுத்தியது தவறு என்று வாசகர் உணர்கிறார். ஏன் தவறு? அவள் உண்மையில் கருப்பல்ல என்பதாலா? கருப்பாகவே இருந்திருந்தாலும் தவறுதான் என்று எங்கேயாவது அழுத்தமாகச் சொல்லப்படுகிறதா? கதையின் போக்கைப் பார்த்தால் முதல் பதிலையே நாவல் தருவதாகத் தோன்றுகிறது. லோலாவின் துன்பம் தீர்வதற்குச் சமத்துவம் தேவைப்படவில்லை. அவளுடைய வெண்மை வெளிப்பட்டால் போதும். பூர்வகுடியினர் கடத்துபவர்களாகவே வந்துபோகின்றனர். கருப்பின மக்களோ பேச்சுப் பொருளாக இருக்கிறார்கள்; பேசும் மனிதர்களாகக் கதையின் நடுவே இடம் பெறவில்லை.

இதை ஒரு தனிமனிதரின் குறை என்று ஒதுக்கிவிட முடியாது. கலிபோர்னியாவின் சட்டமே அவ்வாறு சிந்திக்கத் தூண்டியது. 1849-இல் மான்ட்டெரே நகரில் அம்மாநிலத்தின் அரசியல் சாசனத்தை வகுக்கக் கூடிய அவையில், வாக்குரிமை 'வெள்ளை' ஆண்களுக்கு மட்டும் என்ற விதி விவாதத்துக்கு வந்தது. சாண்டா பார்பரா பகுதியின் ஸ்பானிய மரபினரான பாப்லோ டி லா குவெர்ரா எழுந்து, வெள்ளை என்றால் என்ன பொருள் என்று கேட்டார். தம் மக்களில் பலர் இயற்கையிலேயே கருத்த தோல் உடையவர்கள் என்றார். மிக நியாயமான கேள்வி. அடுத்த மூச்சிலேயே, ஆப்பிரிக்க இனத்தவரை விலக்குவதுதான் அச்சொல்லின் நோக்கம் என்றால் அதில் தமக்கு ஆட்சேபம் இல்லை என்றும் சொல்லிவிட்டார். அந்தச் சாசனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் மானுவல் டொமிங்கஸ். 1857-இல் அவர் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றம் ஒன்றில் சாட்சி சொல்ல வந்தபோது, உடலில் பூர்வகுடி இரத்தம் உள்ளவர் என்ற காரணத்தைச் சொல்லி அவருடைய சாட்சியத்தை ஏற்க மறுத்தனர். பூர்வகுடியினரும் கருப்பினத்தவரும் வெள்ளையருக்கு எதிராகச் சாட்சி சொல்லக்கூடாது என்று அம்மாநிலச் சட்டம் 1850 முதல் தடுத்து வந்தது. 1854-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று அந்தத் தடையைச் சீனர்களுக்கும் நீட்டியது. மாநிலத்தை உருவாக்கிய கையெழுத்துக்கு இருந்த மதிப்பு, எட்டே ஆண்டுகளில் அதே மனிதரின் வாய்ச்சொல்லுக்கு இல்லாமல் போனது. நான் வெள்ளை என்று நிறுவுவது அந்த ஊரில் அழகைப் பற்றிய விஷயமன்று. வாக்கு, சாட்சியம், சொத்து மூன்றும் அதைச் சார்ந்திருந்தன. சிறுமி லோலாவின் சாயத்தைக் கழுவ ஆசிரியர் அத்தனை அக்கறை காட்டியதன் பின்னணி இது.

சொத்து பற்றிய கதையை அவர் 1885-இல் எழுதினார். சான் பிரான்சிஸ்கோவில் வெளிவந்த அந்த இரண்டாவது நாவலின் தலைப்பு 'அத்துமீறிக் குடியேறியவனும் டானும்' என்று பொருள்படும். டான் என்பது ஸ்பானிய நிலக்கிழாருக்கான மரியாதைச் சொல். புனைபெயர் 'சி. லாயல்'. மெக்சிகோவில் அரசுக் கடிதங்களின் முடிவில் 'விசுவாசமுள்ள குடிமகன்' என்று எழுதிக் கையொப்பமிடும் மரபைக் கேலியாக நினைவூட்டும் பெயர் அது.

1848 உடன்படிக்கை மெக்சிகோ மக்களின் நில உரிமையைக் காப்பதாக வாக்களித்தது. நில மானியங்களை வெளிப்படையாக உறுதி செய்த பத்தாவது பிரிவை அமெரிக்க செனட் நீக்கிவிட்டுத்தான் ஒப்புதல் தந்தது. 1851-இல் வந்த சட்டம், மானியம் பெற்றவர்கள் அனைவரும் இரண்டு ஆண்டுகளுக்குள் ஓர் ஆணையத்தின் முன் வந்து தங்கள் உரிமையை நிரூபிக்க வேண்டும் என்றது. நிலம் யாருடையது என்பதை, அதில் வாழ்ந்தவரே நிரூபிக்க வேண்டிய நிலை. 813 கோரிக்கைகள் வந்தன, 604 ஏற்கப்பட்டன. எண்ணிக்கையைப் பார்த்தால் நியாயம் நடந்ததுபோல் தோன்றும். ஆனால் பட்டா கைக்கு வரச் சராசரியாக 17 ஆண்டுகள் ஆயின. அதற்குள் வழக்கறிஞர் கட்டணம், வரி, வட்டி ஆகியவை நிலத்தைத் தின்றுவிட்டன. வழக்கு நடக்கும்போதே குடியேறிகள் நிலத்தில் வந்து உட்கார்ந்தனர்.

நாவலில் டான் மரியானோ அலமார் தம் நிலத்தில் குடியேறியவர்களை அழைத்து ஒரு சமரசம் பேசுகிறார். இந்த மண்ணில் கோதுமை சரிப்படாது; கால்நடை வளருங்கள், கடனாக நானே தருகிறேன் என்கிறார். அவர்கள் மறுக்கிறார்கள். பயிரை மேயும் மாட்டைப் பிடித்து வைக்கவும் சுடவும் சட்டம் அவர்களுக்கு இடம் கொடுக்கிறது. வேலி போடும் பொறுப்போ அவர்களுக்கு இல்லை. சட்டத்தின் வாசகத்தை எடுத்துக்கொண்டு, அது துப்பாக்கியாகவும் செத்த மாடாகவும் மாறும் விதத்தை ஆசிரியர் அடி அடியாகக் காட்டுவார். சான் டியாகோவுக்கு வரவேண்டிய இரயில் பாதையை லேலண்ட் ஸ்டான்போர்டு, காலிஸ் ஹண்டிங்டன் போன்ற இரயில் முதலாளிகள் அரசியல் செல்வாக்கால் தடுத்ததையும், உயிருடன் இருந்த அவர்களின் பெயரைச் சொல்லியே எழுதினார். அதற்குத் துணிவு வேண்டும். முடிவில் டான் இறந்துபோகிறார். அவருடைய மகன் கப்ரியேல் சான் பிரான்சிஸ்கோவில் கட்டடம் கட்டும் இடத்தில் செங்கல் சுமக்கும் சித்தாளாகி, ஏணியிலிருந்து விழுகிறான்.

ஓராண்டு முன்பு, 1884-இல், ஹெலன் ஹண்ட் ஜாக்சன் எழுதிய 'ரமோனா' வெளிவந்திருந்தது. அதே தென் கலிபோர்னியா, அதே நில இழப்பு. மாசசூசெட்ஸில் பிறந்த வெள்ளை எழுத்தாளரின் அந்த நாவல் பெரும் புகழ் பெற்று நாடகமாகவும் திரைப்படமாகவும் வலம்வந்தது. இழந்தவரே எழுதிய நூல் மறக்கப்பட்டது. எனினும், 'ரமோனா' பூர்வகுடியினர் நிலத்தைப் பறிகொடுத்ததைக் கதையின் நடுவில் வைத்தது. ரூயிஸ் டி பர்ட்டனின் நூலில் அவர்கள் டானின் வேலையாட்களாக ஓரத்தில் நிற்கிறார்கள். வாசகர்களின் தேர்வில் பாகுபாடு இருந்தது என்று சொல்பவர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஹிஸ்பானிய இலக்கிய மீட்புத் திட்டத்தின் வழியாக, ரோசௌரா சான்செஸ், பியாட்ரிஸ் பீட்டா இருவரும் இரண்டாவது நாவலை 1992-இலும் முதல் நாவலை 1995-இலும் மறுபதிப்பாகக் கொண்டுவந்தனர். ஒடுக்கப்பட்டோரின் எதிர்ப்புக் குரலாக அவை முதலில் கொண்டாடப்பட்டன. ஹோசே அராண்டா போன்ற ஆய்வாளர்கள் சில ஆண்டுகளிலேயே மாற்றுக் கருத்தை வைத்தனர். இவர் ஒடுக்கப்பட்டவர் மட்டுமல்லர், முந்தைய ஒரு குடியேற்ற ஆதிக்கத்தின் வாரிசும்கூட என்பது அவர்களின் வாதம். இரண்டும் சரியே என்பது என் எண்ணம்.

அவர் கடைசிவரை வழக்காடிய நிலம் சான் டியாகோவுக்கு அருகிலுள்ள ஹாமுல் பண்ணை. ஏறத்தாழ 9,000 ஏக்கர். அவருக்கு முன் அது, மெக்சிகோ ஆட்சியில் மேல் கலிபோர்னியாவின் கடைசி ஆளுநராக இருந்த பியோ பிக்கோவுக்கு மானியமாகக் கிடைத்தது. பிக்கோவின் பாட்டியை 1790-ஆம் ஆண்டு ஸ்பானியக் கணக்கெடுப்பு, ஆப்பிரிக்கரும் ஸ்பானியரும் கலந்த வழியினர் என்று பதிவு செய்திருக்கிறது. தூய ஸ்பானிய இரத்தம் என்ற கற்பனையைச் சோதிக்க ஆசிரியர் வெகுதூரம் போக வேண்டியிருந்திருக்காது. தம் பட்டாவின் முந்தைய பெயரைப் பார்த்திருந்தால் போதும். பிக்கோவுக்கும் முன்னால் அது குமியாய் என்ற பூர்வகுடியினரின் மண். 1895-இல் ரூயிஸ் டி பர்ட்டன் சிகாகோவில் வறுமையில் இறந்தபோதும் வழக்குகள் முழுதாகத் தீர்ந்திருக்கவில்லை. ஹாமுலில் குமியாய் மக்களின் சிற்றூர் ஒன்று இன்றும் இருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட அந்த நிலத்தின் அளவு, ஒரு சிறு கல்லறைத் தோட்டத்தையும் சேர்த்து, சுமார் ஆறு ஏக்கர்.